ஆற்ர பேரைப் போட?

அன்றைக்கு அந்தக் கராஜுக்குள் இருந்தவர்கள் இவர்கள்தான்: அக்கா, அவருடைய கணவர், தலைவர் அங்கிள், சமையல் அன்ரி, மைக் அண்ணன், நான். வேறு ஒருவரும் இல்லை. வாசல் பக்கம் ஒரு நாய் படுத்திருந்தது, அது பக்கத்து வீட்டு நாய்.

எங்கே போனாலும் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். வெளியே போகும் வழி எது என்பதையும் பார்த்து வைப்பேன். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்ட எனக்கு அதற்குப் பிறகு படிந்த பழக்கங்களில் இது ஒன்று. எதற்கும் பயப்படுவதும் இன்னொன்று. வேலைக்கு ஓட்டும் கடை வானைப் பூட்டிவிட்டு நாலு வீடு தாண்டிப் போன பிறகும், பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்ப்பேன்.

கராஜ் சிட்னியில், கிரவீனில் இருந்தது, அக்காவின் வீட்டோடு சேர்ந்தது. கார் அதற்குள் நின்று நான் பார்த்ததில்லை. ஒரு பெரிய ஃபிரீசர், மடித்து வைத்த மேசைகள், சுவரில் ஒரு பழைய தொலைக்காட்சி. வருடந்தோறும் எங்கள் ஆட்கள் எடுக்கும் மாதா திருநாளுக்கான கூட்டங்கள் எல்லாம் அங்கேதான். மன்னார்ப் பக்கத்து ஆட்கள், யாழ்ப்பாணத்துக் கரையோர ஆட்கள், தூத்துக்குடியிலிருந்து வந்த சில குடும்பங்கள், எல்லாரும் சேர்ந்து எடுப்பது. பூசை, மாதாவின் சிலையைச் சுமந்து வரும் சொரூபச் சுற்று, பிறகு மண்டபத்தில் சாப்பாடு.

அக்கா என்று நான் சொல்வது என் கூடப்பிறந்தவரை அல்ல. அவருடைய பெயரை இங்கே நான் போடவில்லை. கேட்காமல் ஒருவருடைய பெயரை ஓரிடத்திலும் போடக்கூடாது என்பதுதான் அவருடைய கொள்கையே. எழுதி முடித்த பிறகு கேட்கலாம் என்று இருக்கிறேன்.

அவருக்கு ஒரு கட்டடப் பராமரிப்பு அலுவலகத்தில் வேலை. குழாய் உடைந்த இடத்துக்கு யார் போவது, லிஃப்ட் நின்ற இடத்துக்கு யார் போவது என்று கணினியில் பிரித்துக் கொடுத்து, முடிந்ததா என்று பார்ப்பது. அந்த வேலைக்கு ஒரு செயலி இருக்கிறது. திரையில் மூன்று நிரல்கள். இடது பக்கம் செய்ய வேண்டியவை, நடுவில் நடந்துகொண்டிருப்பவை, வலது பக்கம் முடிந்தவை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை. அட்டையின் மூலையில் ஒரு சின்ன வட்டம், அந்த வட்டத்துக்குள் ஒருவருடைய பெயர். வேலை நகர நகர, அட்டையைப் பிடித்து வலது பக்கம் இழுத்துவிட வேண்டியதுதான். அக்கா அதைப் பலகை என்று சொல்வார். அந்த வருடம் முதல்முறையாக மாதா திருநாளையும் பலகையில் ஏற்றித் தொலைக்காட்சியில் காட்டினார்.

ஏற்றினதற்குக் காரணம் அதற்கு முந்தைய வருடம். புரியாணி இருந்தது, கறி இருந்தது, இனிப்புக்கு வட்டிலப்பம்கூட இருந்தது. சாப்பிடுவதற்கு ஒரு பேப்பர் பிளேட் இல்லை. கேக் பெட்டி மூடியிலும் ஐஸ்கிரீம் டப்பாவிலும் சனம் சாப்பிட்டது. கூட்டத்தில் பிளேட் வாங்கும் கதை வந்தபோது எல்லாரும் "பாப்பம்" என்று சொல்லியிருந்தோம். எங்கள் ஆட்கள் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். ஆளுக்கு ஆள் பாப்பம் சொன்னால், எப்படியோ நடந்துவிடும் என்று எல்லாரும் எழும்பி வந்துவிடுவோம்.

அக்கா தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டார். "பிளேட். ஆற்ர பேரைப் போட?"

யாருடைய பெயரைப் போட என்று அர்த்தம். இந்த ஒரு கேள்வியைத்தான் பிறகு பல வருடங்கள் அக்காவின் வாயால் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அதெல்லாம் பாப்பம் பிள்ளை," என்றார் தலைவர் அங்கிள்.

"பாப்பம் எண்டு ஒரு ஆள் இல்லை அங்கிள்."

அக்காவின் கணவர் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, "இவ கலியாணம் பேச வந்தண்டைக்கும் இதைத்தான் கேட்டவ," என்றார். சமையல் அன்ரி சிரித்துவிட்டு, பிளேட்டைத் தன் பெயரில் போடச் சொன்னார். அட்டையின் மூலையில் அவருடைய பெயர் விழுந்தது.

அப்படியே ஒவ்வொன்றாக வந்தது. மைக் அண்ணன் தூத்துக்குடிக்காரர், ஒலிபெருக்கிச் சாமான்கள் வைத்திருப்பவர். "ஆமாக்கா, மைக்கு, ஸ்பீக்கரு எல்லாம் என் பேர்லயே போட்டுக்கங்க, வயரு மட்டும் யாராச்சும் மிதிக்காம பாத்துக்கிட்டா போதும்," என்றார். பிறகு என் முறை வந்தது. நான் அப்போது பெண்டில் ஹில்லில் ஒரு தமிழ்க் கடைக்கு வான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமையில் அந்த வானை எடுக்க முதலாளி விடுவார்.

"தம்பி, சொரூபம் கொண்டுவாறது, கதிரை ஏத்தி இறக்கிறது, ஐஸ் பெட்டி. மூண்டும் வான் வேலை. உங்கட பேரைப் போடட்டோ?"

"போடாதேங்கோ அக்கா."

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏன், செய்ய மாட்டீங்களோ?"

"செய்வன். பேர் மட்டும் வேண்டாம்."

மைக் அண்ணன் சிரித்தார். "என்ன தம்பி, ஊர்ல ஏதாச்சும் கடன் கிடன் வாங்கிட்டு வந்துட்டீங்களா?" அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தேத்தண்ணியைக் குடிக்கத் தொடங்கினார்.

என்ன சொல்வது? போர் முடிந்து எங்களை அடைத்து வைத்த முகாமில் ஒலிபெருக்கியில் பெயர் வாசிப்பார்கள். பெயர் வந்தவர் எழும்பிப் போக வேண்டும். போனவர்களில் சிலருடைய பாய் அப்படியே விரித்தபடி கிடந்தது. ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வந்து இறங்கிய இடத்திலும் முதலில் எழுதியது பெயரைத்தான், பிறகு ஒரு இலக்கம் தந்தார்கள். இங்கே வந்த பிறகு என் பெயர் போட்டு வந்த கடிதம் ஒன்றையும் நான் வந்த அன்றே உடைத்ததில்லை. என் விசா அன்றைக்கும் தற்காலிகம்தான். இன்றைக்கும் அப்படித்தான். ஒரு திரையில், நாலு பேர் பார்க்கும் இடத்தில், என் பெயர் நிற்கும் என்று நினைத்ததும் என் கண் கதவுப் பக்கம் போனது. இதை எல்லாம் அந்தக் கராஜில் வைத்துச் சொல்ல முடியுமா?

அக்கா ஏன் என்று கேட்கவில்லை. "வேலை உங்கடதுதானே?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம்."

"அது காணும்."

ஆனால் அவருக்கு அது போதாது என்பது முகத்தில் தெரிந்தது. வெறும் வட்டத்தை அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. பிறகு தன்னுடைய பழைய மின்னஞ்சல் ஒன்றை வைத்துப் புதிதாக ஒரு ஆளைச் சேர்த்தார். அந்த ஆளுக்கு 'வான்' என்று பெயர் வைத்து, ஒரு சின்ன வான் படத்தையும் தேடி எடுத்தார்.

"என்ன நிறம் போட தம்பி? உங்கட வான் வெள்ளையெல்லோ?"

சமையல் அன்ரி மெல்லமாகச் சொன்னார். "வெள்ளை மட்டும் வேண்டாமடி பிள்ளை." எங்கள் நாட்டில் வெள்ளை வான் வந்து நின்ற வீடுகளில் சிலர் திரும்பி வரவில்லை. அன்ரியின் தம்பியும் அப்படித்தான். அக்கா நீல நிறத்தைப் போட்டார்.

அன்றிலிருந்து நான் வான் ஆகிவிட்டேன். பலகையில் மட்டுமல்ல. மண்டபத்தில் சின்னப் பிள்ளைகள்கூட "Van is here" என்று கத்துவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

தலைவர் அங்கிள் மட்டும் பலகையோடு கோபித்துக்கொண்டார். ஒருநாள் மத்தியானம் அவர் படுத்திருக்கும்போது போன் கிணுங்கி, உங்களுக்கு ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. பூசைக்கு ஃபாதரிடம் நேரம் கேட்கும் வேலை. அக்கா முந்தின கிழமை கேட்டு, அவர் ஓம் சொல்லி, அதன் பிறகுதான் பெயர் போட்டார். ஆனாலும் அங்கிள் அவருக்குப் போன் போட்டு, எடுத்த எடுப்பில் கேட்டாராம், "பிள்ளை, எனக்கு மெசின் வேலை சொல்லுமோ?" என்று. வங்கியில் நாற்பது பேரை வைத்து வேலை வாங்கிய மனிதர் அவர்.

அக்கா போனை வைத்துவிட்டு அவருடைய வீட்டுக்கே போய், கதிரையில் உட்கார்ந்து, முதல்முறை கேட்பது போலத் திரும்பவும் கேட்டார். அவரும் முதல்முறை சொல்வது போல ஓம் சொன்னார். வீட்டுக்குத் திரும்பி வந்த அக்கா, வயதானவர்கள் எல்லாருக்கும் அந்தக் கிணுங்கலை நிறுத்திவிட்டார். அவர்களுக்கு எல்லாம் அவரே ஒவ்வொருவராகப் போன் எடுப்பார். சுகம் விசாரித்து, பிள்ளைகளை விசாரித்து, கடைசியில் வேலையைக் கேட்பார். "வேலை குறையட்டும் எண்டுதான் இந்தக் கோதாரியைக் கண்டுபிடிச்சவங்கள். இப்ப இதுக்கும் சேத்து இவதான் வேலை செய்யிறா," என்பார் அவருடைய கணவர். அவருடைய பெயரிலும் ஒரு அட்டை நிரந்தரமாக இருந்தது. குப்பைத் தொட்டியை வாசலுக்கு இழுத்து வைப்பது. அதற்கும் ஒவ்வொரு கிழமையும் கேட்டுத்தான் போடுவார்.

ஃபாதரையும் விடவில்லை. "ஃபாதர், பிரசங்கம் எத்தினை நிமிசம் எண்டு போட?" அவர் சிரித்துக்கொண்டு பதினைந்து என்றார். அந்த வருடம் சோறு ஆறவில்லை.

அக்காவோடு கோபம் வந்த நாட்களும் உண்டு. ஒருமுறை மண்டபத்தின் பின்பக்கம் குப்பைப் பைகள் நிரம்பிக் கிடந்தன. சும்மா நிற்கிறேனே என்று தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டேன். நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டு வந்து நின்றால், அக்கா கேட்டார், "ஏன் தம்பி செய்தனீங்கள்?" அது புதிதாக வந்த ஒருவருடைய வேலையாம். சிட்னிக்கு வந்து கொஞ்ச நாள்தான், ஒருவரையும் தெரியாது. அந்த வேலையைச் செய்யவென்று வந்திருக்கிறார். "அவர் வந்து பாத்திட்டு, கையை எங்க வைக்கிறதெண்டு தெரியாம நிண்டவர், பாவம். இப்ப கார் பக்கம் போயிட்டார்." நான் முகம் சுருங்கி வானுக்குள் போய் இருந்துகொண்டேன். அது என்ன பெரிய குப்பை என்று எனக்குள் பேசிக்கொண்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால், சொரூபத்தை வேறு யாராவது ஏற்றிக்கொண்டு வந்திருந்தால் நானும் அப்படித்தான் கார் பக்கம் போயிருப்பேன்.

சமையல் அன்ரியின் கணவர் வெஸ்ட்மீட் ஆசுபத்திரியில் காலமான அன்றும் அக்கா இப்படித்தான். வீடு நிறையச் சனம். அழுகைச் சத்தம். அக்கா ஒவ்வொருவருக்குப் பக்கத்திலும் போய்க் குனிந்து, மெல்லமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். விமான நிலையத்துக்கு ஆர், பூவுக்கு ஆர், அன்ரியோடு தங்க ஆர். ஆற்ர பேரைப் போட? எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர், "இவவுக்கு மனம் எண்டு ஒண்டு இருக்கோ?" என்று முணுமுணுத்தார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

காலையிலிருந்து ஒரே இடத்தில் இருந்த அன்ரி அப்போது அக்காவின் கையைப் பிடித்தார். "என்ர பேரையும் ஒண்டில போடு பிள்ளை."

அக்கா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "பெட்டியில வைக்கேக்க அங்கிளுக்கு என்ன சேட் போடுறது எண்டு ஆருக்கும் தெரியாது அன்ரி. நீங்கள்தான் எடுக்கவேணும். உங்கட பேரில போடட்டோ?"

அன்ரி தலையை ஆட்டினார். பிறகு நிலத்தில் கையை ஊன்றி எழும்பி, அறைக்குப் போய், சட்டைகள் இருந்த அலுமாரியைத் திறந்தார்.

என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிக்கு அந்தப் பலகை ஒரு மருந்து மாதிரி. ஒரு வேலை முடிந்தது என்று எனக்கு மனதில் படவே படாது. திருநாள் முடிந்து சாமான்களை எல்லாம் இறக்கின பிறகும், கதிரை ஒன்று குறைந்திருக்குமோ, சொரூபத்தின் விரல் எங்காவது இடிபட்டிருக்குமோ என்று மனதில் ஓடும். சொரூபத்தை நான் முன் இருக்கையில் வைத்து, போர்வை சுற்றி, இருக்கைப்பட்டி போட்டுத்தான் கொண்டுவருவேன். மெல்ல ஓட்டுவதால் பின்னால் வரும் கார்கள் எல்லாம் ஹோர்ன் அடிக்கும். நான் போனில் செயலியைப் போட்டுக்கொள்ளவில்லை. அதனால் கடைசியில் கிரவீனுக்குப் போவேன். அக்கா கேட்காமலே மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைப்பார். நானே மவுஸைப் பிடித்து, நீல வான் நிற்கும் அட்டைகளை ஒவ்வொன்றாக வலது பக்கம் இழுத்துவிடுவேன். எல்லாம் போய் நின்ற பிறகு தேத்தண்ணி வரும். அன்றைக்கு இரவு நல்லாக நித்திரை வரும்.

பிறகு என் அகதி வழக்கு எல்லா இடத்திலும் மறுக்கப்பட்டு, மிச்சம் இருந்தது குடிவரவு அமைச்சருக்கு எழுதும் ஒரு விண்ணப்பம் மட்டும் என்று ஆனது. இலவசமாக உதவி செய்த பெண் சட்டத்தரணி, இங்கே இத்தனை வருடம் யாரோடு வாழ்ந்தாய், யாருக்கு என்ன செய்தாய் என்பதற்குச் சான்று வேண்டும் என்றார். எனக்கு உடனே பலகைதான் நினைவுக்கு வந்தது. அக்காவிடம் ஓடினேன்.

அவர் பழைய திருநாட்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தார். சொரூபம், கதிரை, ஐஸ் பெட்டி, செத்தவீட்டுச் சாமான், அன்ரியை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனது. எல்லா அட்டைகளும் முடிந்த பக்கத்தில் இருந்தன. எல்லாவற்றின் மூலையிலும் நீல வான்.

"எல்லாத்திலயும் வான்தான் நிக்குது தம்பி," என்றார்.

நான்தான் போடாதேங்கோ என்றவன். அது அவருக்கும் தெரியும். அவர் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, புதிதாக ஒரு பலகை திறந்தார். "அப்ப வான் ஆர் எண்டு இவையள்தான் சொல்லவேணும்," என்றார். கடிதம் எழுதக்கூடிய ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. வட்டங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன.

பிறகு ஒவ்வொருவரையும் கேட்கத் தொடங்கினார். இந்த முறை போனில் அல்ல, நேரே போய். சமையல் அன்ரி கேட்டு முடிப்பதற்கு முன்னமே ஓம் என்றார். மைக் அண்ணன், "இதெல்லாம் கேக்கணுமாக்கா? வேணும்னா என் பொண்டாட்டி பேரு, மச்சான் பேரு எல்லாம் போட்டுக்கங்க," என்றார். அவர்களையும் போய்க் கேட்டுவிட்டுத்தான் போட்டார். ஃபாதர் எழுதினார். கடை முதலாளி எழுதினார்.

தலைவர் அங்கிள், "பாப்பம்," என்றார்.

அக்கா அவரிடம் பாப்பம் என்று ஒரு ஆள் இல்லை என்று சொல்லவில்லை. அங்கிளுடைய மகனுக்கு அரசாங்க வேலை. குடிவரவுக்காரரிடம் தங்கள் பெயர் போய் நின்றால் பிறகு ஏதும் வருமோ என்று அங்கிள் பயந்தார். குடியுரிமை கிடைத்து எத்தனையோ வருடமான மனிதர். எனக்கு அவரிடம் கோபம் வரவில்லை. அந்தப் பயம் எந்தக் கடையில் வாங்கியது என்று எனக்குத் தெரியும்.

கிழமைகள் போயின. எல்லா அட்டைகளும் வலது பக்கம் வந்துவிட்டன. அங்கிளுடையது மட்டும் இடது பக்கம், வெறும் வட்டத்தோடு. தன் பெயரையாவது போட்டு வைக்காமல், ஒரு படத்தையாவது வைக்காமல், அக்கா ஒரு வட்டத்தை அப்படியே விட்டதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"இன்னொருக்காக் கேப்பமோ அக்கா?" என்றேன்.

"கேட்டாச்சுத் தம்பி. இனி அது அவற்ர விருப்பம்."

அதே மாதத்தில் அக்கா வீட்டைக் காலி செய்தார். மகள் மெல்பேர்னில், கிரெய்கிபர்னில் வீடு வாங்கியிருந்தாள். அவளோடு போய் இருப்பதாக முடிவு. சாமான் ஏற்றும் அன்று நானும் வானோடு போயிருந்தேன். கராஜில் ஃபிரீசரும் இல்லை, மேசைகளும் இல்லை, சுவரில் தொலைக்காட்சி இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. வாசலில் தலைவர் அங்கிள் வந்து நின்றார். கையில் ஒரு நீளக் கடித உறை.

"பிள்ளை, இது சரியோ எண்டு பார்."

இரண்டு பக்கம், தட்டச்சில், நல்ல ஆங்கிலத்தில். அக்கா எனக்குத் தமிழில் சொன்னார். மனைவி படுக்கையில் இருந்த மாதங்களில் மருந்தும் சாமானும் கொண்டுவந்து தந்தது யார், அவரை ஆசுபத்திரிக்கு ஏற்றிப் போகும்போது பயந்துவிடக்கூடாது என்று வானை மெல்ல ஓட்டியது யார் என்று எழுதியிருந்தார். கடைசியில் முழுப் பெயர், விலாசம், போன் இலக்கம், ஒருவரும் கேட்காத தன் கடவுச்சீட்டு இலக்கம்.

அக்கா பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் மடிக்கணினியை வைத்துத் திறந்தார். "அங்கிள், உங்கட பேரைப் போடட்டோ?"

"அதுக்குத்தானே பிள்ளை வந்தனான்."

விண்ணப்பம் போனது. பதில் இன்னும் வரவில்லை. கடிதப் பெட்டிக்குள் என் பெயர் தெரிந்தால் இப்போதும் அதை அடுத்த நாள்தான் உடைக்கிறேன்.

அடுத்த திருநாளுக்கான கூட்டத்தை மைக் அண்ணன் தன் வீட்டில் வைத்தார். பலகையை அக்கா அவரிடம்தான் ஒப்படைத்திருந்தார், ஆனாலும் அங்கிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அங்கிள் இருந்தார், அன்ரி இருந்தார், புதிதாகச் சில முகங்கள் இருந்தன. நான் வழக்கம்போல எல்லாரையும் பார்த்துவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொரூப அட்டை வந்தபோது மைக் அண்ணன் நீல வானை எடுக்கப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை நிறுத்தி, அக்கா மாதிரிக் குரலை வைத்துக்கொண்டு கேட்டார். "தம்பி, யாரு பேரைப் போடட்டும்?"

சிலர் சிரித்தார்கள். நான் என் பெயரைச் சொன்னேன். அப்பாவின் பெயரோடு சேர்த்து, முழுதாகச் சொன்னேன். மைக் அண்ணன் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் தட்டினார். அட்டையின் மூலையில் அது போய் நின்றது. தலைவர் அங்கிள் அடுத்த அட்டையை வாசிக்கச் சொன்னார். அவ்வளவுதான், ஒன்றும் நடக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் போன் அடித்தது. வானை ஓரமாக நிறுத்தினேன். கிரெய்கிபர்னிலிருந்து அக்கா.

"தம்பி, பலகையில உங்கட பேர் கிடக்கு." குரலில் ஒரு பதற்றம். அவரிடம் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. "ஆர் போட்டது? உங்களைக் கேட்டுத்தான் போட்டவங்களோ?"

"கேட்டவர் அக்கா. நான்தான் போடச் சொன்னனான்."

பின்னால் அவருடைய கணவர், ஆர் போனில் என்று கேட்பது காதில் விழுந்தது.

"அப்ப இந்த வானை எடுக்கட்டோ தம்பி?" என்று அக்கா கேட்டார். "இனித் தேவையில்லைத்தானே?"

அதற்கும் என்னைக் கேட்டார். நான் கண்ணாடியில் பின்னால் வரும் கார்களைப் பார்த்தேன்.

"விடுங்கோ அக்கா," என்றேன். "பக்கத்தில நிக்கட்டும்."